சேலத்தில் வீடற்றோருக்குத் துணை நிற்க வருவோருக்கு

வீடற்றோருக்கு உதவ வேண்டும் என்று கிளம்புகிறவர்களில் பெரும்பாலோர் போர்வையோடுதான் தொடங்குகிறார்கள். மார்கழியில் ஓரிரவு பேருந்து நிலையத்தைச் சுற்றி வந்து, படுத்திருப்பவர்கள் மேல் ஆளுக்கொரு போர்வையைப் போர்த்திவிட்டுத் திரும்புகிறார்கள். அதில் குற்றம் சொல்ல எதுவும் இல்லை. ஆனால் தை பிறந்த பிறகு அதே இடத்துக்குப் போய்ப் பார்த்தால் அதே மனிதர் அங்கேயே படுத்திருப்பார். போர்வை மட்டும் இருக்காது.

அதற்கு மேலும் ஏதேனும் செய்ய விரும்பும் புதியவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒருவரைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கு ஒரு மாலைப் பொழுது போதும். அவர் மீண்டும் தெருவுக்கு வராமல் இருப்பதற்கு ஏறத்தாழ ஓராண்டு உடன் நிற்க வேண்டியிருக்கிறது என்பதே சில ஆண்டுகளாக நான் கண்டது. ஆகவே தொடக்கத்தில் ஒருவரை, மிஞ்சினால் இருவரை மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள். பத்துப் பேருக்குப் பெயர் எழுதிக்கொண்டு வந்துவிட்டு இரண்டாம் வாரம் காணாமல் போவது, அவர்கள் ஏற்கெனவே பலரிடம் பார்த்துச் சலித்த ஒன்று.

முதல் வாரம்: பார்ப்பது மட்டும்

முதல் வாரத்தில் யாரையும் எங்கும் அழைத்துச் செல்ல வேண்டாம். இரவு 10 மணிக்கு மேல், தொடர்ந்து மூன்று நாட்கள், ஒரே பகுதிக்குப் போய்ப் பாருங்கள். பழைய பேருந்து நிலையத்தைச் சுற்றியுள்ள கடைத் திண்ணைகள், மெய்யனூர் புதிய பேருந்து நிலையம், சூரமங்கலத்தில் உள்ள ஜங்ஷன், லீ பஜாரின் சரக்குக் கிடங்கு வாசல்கள், கோயில்களின் வெளிமதில் ஓரங்கள் ஆகியவற்றில் உங்கள் வீட்டுக்கு அருகே எது இருக்கிறதோ அதுவே போதும்.

மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோர் என்பதற்கு ஒரு விளக்கம் உண்டு. சாலையோரம், நடைபாதை, மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் கீழ், பெருங்குழாய்களின் உள்ளே, வழிபாட்டுத் தலங்களின் திறந்த வெளி, ரயில் நிலைய நடைமேடை என, கட்டடம் என்று சொல்ல முடியாத இடங்களில் வாழ்பவர்கள் அவர்கள். 2011ஆம் ஆண்டு பிப்ரவரி 28 அன்று ஒரே இரவில் அவர்களை எண்ணினார்கள். நாடு முழுவதும் 17.7 லட்சம் பேர் என்று கணக்கு வந்தது. வேலைக்குப் போனவர், மறைவான இடம் தேடிப் படுத்த பெண், காவலருக்குப் பயந்து எழுந்து போனவர் ஆகியோர் ஒற்றை இரவின் கணக்கில் விடுபட்டுப் போவது எளிது. மூன்று இரவுகள் என்று நான் சொல்வதற்கும் அதுவே காரணம்.

மூன்று இரவுகள் பார்த்தால், ஒரே கூட்டம் போலத் தெரிந்தவர்கள் தனித்தனியாகப் பிரிந்து தெரிவார்கள். பகலில் மூட்டை தூக்கியோ ஓட்டலில் பாத்திரம் துலக்கியோ சம்பாதித்து, அறைக்கு முன்பணம் கொடுக்க முடியாததால் மட்டுமே வெளியில் படுப்பவர் ஒருவர். கொலுசுப் பட்டறையில் கண் பார்வை மங்கும்வரை வேலை செய்துவிட்டு, பிறகு மகன் வீட்டிலும் இடமில்லாமல் வந்தவர் இன்னொருவர். தன் பெயரைக்கூடச் சொல்ல முடியாத மனநிலையில் இருப்பவர் வேறொருவர். அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையைச் சுற்றிப் படுத்திருப்பவர்களில் பலருக்குத் தருமபுரியிலோ கள்ளக்குறிச்சியிலோ வீடு இருக்கிறது. உள்ளே நோயாளி இருப்பதால் வெளியே படுத்திருக்கிறார்கள். இவர்களுக்குப் பத்து நாள் தங்க இடமும் குளிக்கத் தண்ணீரும் போதும். முதல் மனிதருக்கு வேண்டியது முன்பணம். இரண்டாமவருக்கு ஓய்வூதியமும் கண் மருத்துவரும் வேண்டும். மூன்றாமவருக்கு முதலில் சிகிச்சை. எல்லோரையும் ஒரே வண்டியில் ஏற்றி ஒரே இடத்தில் இறக்கிவிடும் முயற்சிகள் தோற்பதற்குக் காரணம் தேட வேண்டியதில்லை.

பேசத் தொடங்குவது

தூங்குபவரை எழுப்பாதீர்கள். விழித்திருப்பவரின் அருகில், அவர் உட்கார்ந்திருக்கும் அதே மட்டத்தில் உட்காருங்கள். நின்றுகொண்டு குனிந்து பேசுவது விசாரணை போல இருக்கும். 'ஏனுங்கய்யா, சாப்டீங்களா' என்று நம் ஊர் வழக்கில் தொடங்கினால் போதும். வயதில் மூத்தவரை ஐயா, அம்மா என்றும், நடுத்தர வயதினரை அண்ணா, அக்கா என்றும் அழையுங்கள். அழுக்கான உடையைப் பார்த்தவுடன் நாம் அறியாமலே ஒருமைக்கு இறங்கிவிடுவது உண்டு. உங்கள் நாக்கை நீங்களே கவனித்துக்கொள்ள வேண்டும்.

முதல் சந்திப்பில் சாதி, குடும்பம், 'ஏன் இப்படி ஆனீங்க' என்பவற்றைக் கேட்க வேண்டாம். படம் எடுக்கவே வேண்டாம். வாக்குறுதியும் தர வேண்டாம். 'வியாழக்கிழமை வருகிறேன்' என்று மட்டும் சொல்லிவிட்டு, வியாழக்கிழமை கட்டாயம் போய் நில்லுங்கள்.

'காப்பகத்துக்கு வருகிறீர்களா' என்று கேட்டால் பலர் மறுப்பார்கள். அதைப் பிடிவாதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. முன்பு யாரோ வேனில் ஏற்றிக்கொண்டு போய் எங்கோ தொலைவில் அடைத்து வைத்த நினைவு சிலருக்கு இருக்கும். மூட்டையை உள்ளே அனுமதிக்க மாட்டார்கள் என்ற பயம் சிலருக்கு. அந்த மூட்டையில்தான் இறந்த மனைவியின் படமும் பழைய குடும்ப அட்டையும் இருக்கும். அதிகாலை 4 மணிக்குச் சந்தையில் வேலை தொடங்குபவருக்கு, வேலையிடத்திலிருந்து தொலைவில் உள்ள காப்பகம் ஒரு நாள் கூலியைப் பறித்துவிடும். மறுப்புக்கான காரணம் தெரிந்த பிறகுதான் உங்கள் வேலையே தொடங்குகிறது.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மேலே சொன்ன நிதானம் எல்லாருக்கும் பொருந்தாது. காய்ச்சல், ஆறாத புண், நினைவு தவறுதல் ஆகியவற்றைக் கண்டால் உடனே 108ஐ அழையுங்கள். தனியாக இருக்கும் குழந்தைக்கு 1098, ஆபத்தில் உள்ள பெண்ணுக்கு 181, கைவிடப்பட்ட முதியவருக்கு 14567 என்ற எண்களைக் கைபேசியில் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள்.

மனநோயோடு தெருவில் அலைபவர் விஷயத்தில் சட்டம் தெளிவாக இருக்கிறது. புதியவர்கள் பலருக்கு அது தெரிவதில்லை. மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017இன் 100ஆவது பிரிவின்படி, தன்னைக் கவனித்துக்கொள்ள முடியாத நிலையில் அலைந்து திரியும் மனநோயாளியைப் பாதுகாப்பில் எடுக்கும் பொறுப்பு காவல் நிலையத்துக்கு உண்டு. அவரை லாக்கப்பில் வைக்கக் கூடாது; 24 மணி நேரத்துக்குள் அருகிலுள்ள அரசு மருத்துவ நிறுவனத்துக்கு மதிப்பீட்டுக்குக் கொண்டு செல்ல வேண்டும். அவர் வீடற்றவராக இருந்தால், காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கை பதிந்து குடும்பத்தைத் தேட வேண்டும். வீடற்ற மனநோயாளிக்குச் சிகிச்சை கட்டணமின்றிக் கிடைக்க வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் உள்ளது. நிலையத்துக்குப் போகும்போது வாய்மொழியாகச் சொல்வதோடு நிற்காமல், பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு ஒரு பக்கத்தில் மனு எழுதிக்கொண்டு போய், பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகையை வாங்குங்கள். காகிதம் கையில் வந்தவுடன் நடைமுறை வேகம் பிடிப்பதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

இன்னோர் எச்சரிக்கை. 'எங்கள் இல்லத்தில் விட்டுவிடுங்கள், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்' என்று எளிதாகச் சொல்லும் எல்லா இடங்களையும் நம்பிவிடாதீர்கள். மனநோயாளிகளைத் தங்கவைக்கும் இல்லம் அச்சட்டத்தின்கீழ் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவுச் சான்றைக் காட்டத் தயங்கும் இடத்திலும், பிறகு வந்து பார்க்கக் கூடாது என்று சொல்லும் இடத்திலும் ஒருவரை விட்டுவிட்டு வருவதைவிட, அவர் நடைபாதையில் நம் கண்ணெதிரில் இருப்பதே மேல்.

காப்பகம்: அழைத்துப் போவதற்கு முன் நீங்கள் போய்ப் பாருங்கள்

நகர்ப்புற வீடற்றோருக்கான காப்பகங்கள் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின்கீழ் 2013 முதல் விரிவடைந்தவை. பொதுவாக உள்ளாட்சி அமைப்பு இடம் தரும்; தன்னார்வ அமைப்பு நடத்தும். வெறும் இரவுக் கொட்டகையாக இல்லாமல், ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்கும் இடமாக இவை இருக்க வேண்டும் என்பதே திட்டம். இதற்குப் பின்னால் உச்ச நீதிமன்றத்தின் நீண்ட தலையீடு இருக்கிறது: உணவு உரிமை வழக்கு என்று அறியப்படும் 2001ஆம் ஆண்டின் 196ஆம் எண் ரிட் மனுவில் 2010இல் காப்பகங்கள் குறித்து உத்தரவுகள் வந்தன, மாநிலங்கள் நிதியைச் சரியாகச் செலவிடவில்லை என்ற புகார்களை அடுத்து 2016இல் நீதிபதி கைலாஷ் கம்பீர் தலைமையில் ஆய்வுக் குழு அமைக்கப்பட்டது.

நகர மக்கள் தொகையில் ஒவ்வொரு லட்சத்துக்கும் குறைந்தது 100 பேருக்கு இடம் இருக்க வேண்டும் என்பது அந்த இயக்கம் வகுத்த அளவுகோல். 2011 கணக்கெடுப்பின்படி சேலம் மாநகராட்சியின் மக்கள் தொகை 8 லட்சத்து 29 ஆயிரம். அப்படியானால் 800 பேருக்கு மேல் படுக்க இடம் வேண்டும். உங்கள் மண்டல அலுவலகத்தில், அது சூரமங்கலமோ அஸ்தம்பட்டியோ அம்மாப்பேட்டையோ கொண்டலாம்பட்டியோ, காப்பகங்களின் பட்டியலையும் படுக்கை எண்ணிக்கையையும் கேட்டு வாங்குங்கள். கேட்பதற்கு எந்தச் சிறப்புத் தகுதியும் வேண்டாம்.

பட்டியல் கிடைத்ததும் மாலையில் ஒரு முறையும், முன்னறிவிப்பின்றி இன்னொரு முறையும் போய்ப் பாருங்கள். ஒருவருக்கு 50 சதுர அடி என்பது விதி. பாய்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தால் உங்களுக்கே தெரிந்துவிடும். பூட்டும் சாவியும் உள்ள பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். மூட்டைக்காரரைச் சம்மதிக்க வைக்கப் போவது அதுதான். பெண்கள் தங்கும் பகுதிக்குத் தனி வாசலும் இரவில் பெண் பொறுப்பாளரும் உண்டா, கழிப்பறைக்குப் போகும் வழியில் விளக்கு எரிகிறதா என்பவற்றை, பெண் ஒருவரை உடன் அழைத்துச் சென்று அவர் கண்ணால் பார்க்கச் சொல்லுங்கள். எனக்குத் தோன்றாத மூன்று கேள்விகளை அவர் கேட்டது நினைவிருக்கிறது. தாமதமாக வேலை முடிந்து வருபவரை உள்ளே விடுவார்களா என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். அடையாள அட்டை இல்லாதவரை வாசலிலேயே திருப்பி அனுப்பும் பழக்கம் இருந்தால் அதை அங்கேயே மறுத்துப் பேசுங்கள். அட்டை இல்லாததும் வீடு இல்லாததும் பெரும்பாலும் ஒரே கதையின் இரு பக்கங்கள்.

சேர்க்கும் நாளில் நீங்களும் இரவுச் சாப்பாடு வரை அங்கே இருங்கள். முதல் வாரத்தில் மூன்று முறையாவது போங்கள். ஓடிப் போகிறவர்கள் பெரும்பாலும் முதல் நான்கைந்து நாட்களில்தான் போகிறார்கள்.

காகிதங்கள்: அலுப்பூட்டும், ஆனால் விட முடியாத வேலை

ஒருமுறை ஓர் அலுவலகத்தில், முகவரிச் சான்று இல்லாததால்தான் வந்திருக்கிறோம் என்று நான் விளக்கிக்கொண்டிருக்க, முகவரிச் சான்றை எடுத்துக்கொண்டு வரும்படி மேசைக்கு அப்பால் இருந்தவர் நான்கு முறை பொறுமையாகச் சொன்னார். என்னுடன் வந்திருந்த பெரியவர் அதற்குள் வெளியே போய் பீடி பற்ற வைத்துவிட்டார். காகிதங்களை வாங்கும் வரிசை மாறினால் இப்படித்தான் சுற்ற வேண்டியிருக்கும்.

முதலில் ஆதார். முன்பு எப்போதாவது எடுத்தாரா என்று மெதுவாகக் கேட்டறியுங்கள். ஏற்கெனவே எடுத்தவருக்குப் புதிதாகப் பதிவு செய்தால் அது நிராகரிக்கப்படும், மாதங்கள் வீணாகும். தொலைத்தவர் என்றால் ஆதார் மையத்தில் கைரேகை, கருவிழி கொண்டு பழைய எண்ணைத் தேடி எடுக்கலாம். மூட்டை தூக்கியவர், கல் உடைத்தவர் ஆகியோரின் கைரேகை தேய்ந்திருக்கும். கருவிழியைப் பதிவு செய்யும்படி சொல்லுங்கள். முகவரிக்கு, அங்கீகரிக்கப்பட்ட காப்பகத்தின் பொறுப்பாளர் ஆதார் ஆணையத்தின் குறிப்பிட்ட படிவத்தில் தரும் சான்று ஏற்கப்படும். காப்பகத்தில் தங்குவதன் பெரிய பயன்களில் இதுவும் ஒன்று.

ஆதார் வந்ததும், குறைந்தபட்ச இருப்பு தேவையில்லாத ஜன் தன் கணக்கு. அதன் பிறகு ஓய்வூதியம். ஆதரவற்ற முதியோர், கைம்பெண்கள், கணவனால் கைவிடப்பட்ட பெண்கள் ஆகியோருக்கான தொகை தமிழ்நாட்டில் 2023 ஆகஸ்ட் முதல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் கிராம நிர்வாக அலுவலர் விசாரணைக்கு வருவார். அவர் வரும் நாளில் விண்ணப்பித்தவர் காப்பகத்தில் இருக்க வேண்டும். 'விசாரித்தபோது ஆள் இல்லை' என்ற ஒற்றை வரியால் தள்ளுபடியான மனுக்கள் உண்டு. முன்கூட்டியே தொலைபேசியில் நாள் கேட்டு வைத்துக்கொள்வது உங்கள் பொறுப்பு.

வாக்காளர் அட்டைக்கு முகவரிச் சான்றே வேண்டியதில்லை என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். தேர்தல் ஆணையத்தின் நடைமுறைப்படி, படிவம் 6இல் அவர் படுக்கும் இடத்தைக் குறிப்பிட்டால், வாக்குச்சாவடி நிலை அலுவலர் இரவில் வந்து அவர் உண்மையிலேயே அங்கே தூங்குகிறாரா என்று நேரில் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

பெற்ற பிள்ளைகள் வசதியாக இருந்தும் தெருவுக்கு வந்தவர் என்றால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின்கீழ் கோட்டாட்சியர் தலைமையிலான தீர்ப்பாயத்தை அணுகலாம். மாதம் 10,000 ரூபாய் வரை பராமரிப்புத் தொகைக்கு உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு. ஆனால் அவர் விருப்பம் இல்லாமல் இந்த வழிக்குப் போகாதீர்கள். 'எம் பையன் பேரைக் கெடுத்துராதீங்க' என்று கையைப் பிடித்துக்கொண்ட தாய்களுக்கு நாம் சட்டம் கற்பிக்க முடியாது.

காப்பகத்திலிருந்து ஓர் அறைக்கு

எங்கள் ஊரில் இன்னும் போதிய அளவு நடக்காத வேலை இதுதான். காப்பகம் இடைவழி, அங்கேயே ஒருவரை ஆண்டுக்கணக்கில் வைத்திருந்தால் அது இன்னொரு விடுதி ஆகிவிடும். சாதாரணத் தெருவில் ஒரு சாதாரண வாடகை வீட்டைப் பிடித்து, மூன்று நான்கு பேரைச் சேர்ந்து குடியிருக்கச் செய்து, மருந்து, வரவுசெலவு, அண்டை வீட்டார் ஆகியவற்றுக்கு ஒருவர் தவறாமல் வந்து துணை நிற்பதுதான் அடுத்த கட்டம். 1993இல் சென்னையில் தொடங்கப்பட்ட 'தி பான்யன்' அமைப்பு, மருத்துவமனையில் நெடுங்காலம் தங்கிப்போன மனநோயாளிகளுக்காக 2015 முதல் 'ஹோம் அகெய்ன்' என்ற பெயரில் இதைச் செய்துவருகிறது. நான்கைந்து பேர் ஒரு குடும்பம் போல ஊருக்குள் வாழ்கிறார்கள்.

குடியை நிறுத்தினால்தான் வீடு என்று நிபந்தனை போடுவதா, வீட்டைக் கொடுத்துவிட்டுக் குடியைப் பற்றிப் பேசுவதா என்ற கேள்வி இங்கே வரும். 1992இல் நியூயார்க்கில் சாம் செம்பெரிஸ் என்ற உளவியலாளர் தொடங்கிய முயற்சி, நிபந்தனை இல்லாமல் முதலில் வீடு என்ற இரண்டாவது வழியைத் தேர்ந்தது. நான் முதலில் இதை ஒப்பவில்லை. பூட்டிப் படுக்கக் கதவு இல்லாதவனுக்குக் குடிதான் கதவு என்று ஒரு மூட்டை தூக்கும் அண்ணன் சொன்ன பிறகு என் நிபந்தனைகளைக் குறைத்துக்கொண்டேன்.

அம்மாப்பேட்டை, குகை, கிச்சிப்பாளையம் போன்ற பகுதிகளில் லைன் வீடுகள் உண்டு. வரிசையாக அறைகள், பொதுக் குழாய், பொதுக் கழிப்பறை, வாசலில் எப்போதும் ஆள் நடமாட்டம். தனி வீட்டைவிட இவை நம் தேவைக்கு ஏற்றவை. ஒருவர் இரண்டு நாள் கதவைத் திறக்கவில்லை என்றால் பக்கத்து வீட்டு அக்கா கவனித்துவிடுவார். வீட்டு உரிமையாளரிடம் எதையும் மறைக்காதீர்கள். பிறகு தெரிய வந்தால் அறை மட்டும் போகாது, அந்தத் தெருவே போய்விடும். ஒப்பந்தத்தில் உங்கள் குழுவில் ஒருவரின் பெயரும் இருக்கட்டும். வாடகை தவறினால் யாரை அழைப்பது என்ற கவலை தீர்ந்தால் சம்மதிக்கும் உரிமையாளர்கள் இருக்கிறார்கள்.

கணக்கையும் முன்பே போட்டுப் பாருங்கள். நால்வருக்கும் ஓய்வூதியம் 1,200 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் மாதம் 4,800 ரூபாய். வாடகைக்கும் மின்சாரத்துக்கும் 3,500 போனால், நால்வரின் சாப்பாட்டுக்கு மிஞ்சுவது 1,300. ஓர் இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய், தயிர் சாதம் 3 ரூபாய் என்ற அம்மா உணவக விலையில், காலை நான்கு இட்லியும் மதியம் இரண்டு சாதமும் சாப்பிட்டாலே ஒருவருக்கு நாளுக்கு 12 ரூபாய், நால்வருக்கு மாதம் 1,440 ரூபாய் ஆகிவிடும். இரவுச் சாப்பாடு கணக்கிலேயே இல்லை. ஓய்வூதியத்தை மட்டும் நம்பி அறை எடுக்க முடியாது என்பது இதிலிருந்து விளங்கும். ஒருவருக்காவது சிறு வேலை வேண்டும், அல்லது முதல் ஆறு மாதத்துக்கு வெளியிலிருந்து உறுதியான தொகை வேண்டும். இரண்டும் இல்லாமல் பால் காய்ச்சாதீர்கள்.

குடிபுகுந்த முதல் மாதத்தில் விந்தையான சில காட்சிகளைக் காண்பீர்கள். சிலர் அறையை விட்டு வாசலில் படுப்பார்கள். சுவருக்குள் தூக்கம் வராது. சிலர் சோற்றைத் தலையணைக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். ஒழுங்கு கற்பிக்கும் ஆசையை அடக்கிக்கொண்டு, மாத்திரை, கதவுப் பூட்டு, அடுப்பு அணைத்தல் ஆகிய மூன்றை மட்டும் கண்டிப்பாகப் பாருங்கள். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத்திரை வாங்கும் நாளை நாட்காட்டியில் குறித்து, அன்று யார் உடன் போவது என்பதையும் எழுதி வையுங்கள். சர்க்கரை, இரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு, 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் பணியாளர் வீட்டுக்கே வந்து மருந்து தருவார். புதிய முகவரியை அவரிடம் சேர்ப்பியுங்கள்.

ஏற்காட்டில்

மலை மேல் நிலைமை வேறு. மாநகராட்சியின் காப்பகம் அங்கே எட்டாது. 1,500 மீட்டர் உயரத்தின் மார்கழிக் குளிரில் திறந்த வெளியில் ஓரிரவு படுப்பதே உயிருக்கு ஆபத்து. காப்பித் தோட்ட லைன்களில் வேலை உள்ளவரை வீடு உண்டு. ஓய்வு பெற்றதும் போக இடமில்லாமல் நிற்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களை 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து கீழே கொண்டுவந்து சேர்ப்பதை உதவி என்று எண்ண வேண்டாம். சேலத்தின் சித்திரை வெயிலும் இரைச்சலும் தாங்காமல் திரும்பிப் போனவரை எனக்குத் தெரியும். ஏற்காடு வட்டாட்சியர் அலுவலகத்தில் ஓய்வூதியத்துக்கு மனு கொடுத்து, அங்கேயே தெரிந்தவர் வீட்டில் ஒரு பகுதியை வாடகைக்குப் பேசி முடிப்பது நல்லது.

அவர் திரும்பிப் போய்விட்டால்

போவார்கள். எல்லாம் சரியாகச் செய்தும் ஒரு நாள் காலையில் பாய் சுருட்டி வைக்கப்பட்டிருக்கும், ஆள் இருக்க மாட்டார். முதலில் மருத்துவமனையிலும் காவல் நிலையத்திலும் கேளுங்கள்; பிறகு அன்றிரவே, நீங்கள் முதன்முதலில் அவரைச் சந்தித்த அதே திண்ணைக்குப் போங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருப்பார். ஏன் வந்தீர்கள் என்று கேட்காமல், மாத்திரையைக் கொடுத்து, அடுத்த வியாழக்கிழமை வருவதாகச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த மாத வாடகை முடியும்வரை அவர் இடத்தில் வேறு யாரையும் சேர்க்க வேண்டாம். பெட்டியின் சாவி அவரிடமே இருக்கட்டும்.